ஈரம் குறையாத அறை

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. றஹீம் விரலால் துடைத்தான். போகவில்லை. ஆவி உட்பக்கம். மின்வெட்டோடு பல்பு அணைந்து நெடுநேரமாகிவிட்டது, பஞ்சையும் அவன் இன்று நனைக்கவில்லை. இருந்தும் பெட்டிக்குள் யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோல வட்டமாக, வெள்ளையாக அது படிந்து, ஓரங்களில் துளிதுளியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் ஊதினேன்" என்றாள் கட்டிலிலிருந்து மனைவி றமீஸா. "பல்பு இல்லாம குளிருமே."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அலுவிகாரைச் சந்தியில் ரேடியோ திருத்துபவன் றஹீம். பல்லேபொலயில் பலா மரம் ஒன்றைச் சாய்த்தபோது அதன் பொந்திலிருந்து கிடைத்த புலிச் சிலந்தியை, தேநீர்க்கடையில் பணிஸ் அடுக்கிய பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் வளர்த்துவந்தான். உள்ளே சின்ன பல்பு, வெப்பமானி, ஈரப் பஞ்சு, பலாப்பட்டை. கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிது அது. சில நாட்களுக்கு முன் வெள்ளைப் பட்டால் முட்டைப்பை ஒன்றைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, தினமும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றது. காற்று உதட்டை வெடிக்கவைத்தது. வீட்டில் சூடும் ஈரமும் குறையாத இடம் ஒன்றுதான். றமீஸா பிள்ளை பெற்றுக் கிடந்த அறை. நாற்பது நாள் கழியும்வரை அங்கே ஜன்னல் திறப்பதில்லை. கரி நெருப்புச் சட்டி, சாம்பிராணிப் புகை, இலை போட்டு அவித்த வெந்நீர்ப் பானை. முதல் பிள்ளை குளிர் பிடித்துப் போனதிலிருந்து, கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்தாலே றமீஸா நடுங்குவாள். அந்த அறைக்குள்தான் அவன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

மாமி ஸைனம்பு தலையில் அடித்துக்கொண்டாள். "மனிசருக்கு லாம்பெண்ணெ இல்ல, மருமகனுக்கு எட்டுக்கால் மகுளுவாவுக்கு ஹீட்டர் கேக்குது. நாளைக்கி அதுக்கும் தொட்டில் கட்டுவீங்க போல."

"ஈக்கட்டும் உம்மா" என்றாள் றமீஸா. "அதுவும் புள்ளக்காரிதானே."

அவளுக்குப் பிடித்துவிட்டதென்று றஹீமுக்குச் சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் விளக்கினான். "பைய அது அடிக்கடி திருப்பும் புள்ள. எல்லாப் பக்கமும் சூடு படணும். ஈரம் கொறயப்படாது. திறக்கவும் ஏலா. திறந்தா உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் காஞ்சிபோகும்."

அவள் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊதியதைச் சொன்ன நாளிலிருந்துதான் அவன் கவனிக்கத் தொடங்கினான். பால் ஊற மாமி ஆக்கிய சுறாக் குழம்பு அப்படியே ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. பை கட்டிய சிலந்தியும் போட்ட கரப்பானைத் தொடுவதில்லை. பிள்ளை அழுவதே இல்லை. "நல்ல புள்ள, தாயக் கஷ்டப்படுத்தாது" என்று மாமி மெச்சினாள். இருட்டில் விழித்துக் கிடந்த றஹீமுக்கு, சாம்பிராணியும் பாலும் நனைந்த மண்ணும் கலந்த வாடைக்குள்ளே, பலாப்பட்டையில் மயிர்க்கால்கள் உரசுகிற மெல்லிய சத்தம் கேட்கும். சிலந்தி பையைத் திருப்புகிறது. அடுத்த மூச்சில் கட்டில் கிறீச்சிடும்.

றமீஸா பிள்ளையைத் திருப்புகிறாள்.

"பெட்டிய வெளிய வெக்கிறேன்" என்றான் காலையில்.

"வெளிய வெச்சா செத்துப்போகும்." அவள் குரல் உடைந்தது. "நம்மட மூத்தது மாதிரி."

பெட்டி அங்கேயே இருந்தது.

மறுநாள் பல்லேபொலயில் ஒரு சாவு. மாமி மையத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சந்தியில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்ததில் றஹீம் வீடு சேர இருட்டிவிட்டது. மின்சாரம் இல்லை. லாம்பைக் கொளுத்திக்கொண்டு அறைக் கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் முட்டினான். இடுக்கெல்லாம் ஈரத் துணி திணித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கிக் கதவு விட்டுக்கொடுக்க, உள்ளிருந்த வெக்கை வாய்க்குள் புகுந்தது. சுவரெல்லாம் வியர்த்து வடிந்துகொண்டிருந்தது.

கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

பெட்டி திறந்திருந்தது. பஞ்சு காய்ந்து கல்லாகியிருந்தது. சிலந்தி மல்லாந்து, கால்களை மடக்கி, சருகுபோல் சுருங்கிக் கிடந்தது.

முட்டைப்பை இல்லை.

"றமீஸா?"

அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய முடியாத இடுக்கு. அதற்குள் இருந்தாள். முழங்கால் காதுக்கு மேலே. நெஞ்சோடு ஒரு வெள்ளைப் பொதி.

"கதவ மூடுங்க. காத்து வருது."

"புள்ள எங்க?"

பொதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். வெள்ளைச் சீலை. சுற்றிச் சுற்றி, மேலும் சுற்றி, வெள்ளை நூலால் தைத்திருந்தது. முகத்துக்கு இடம் விடவில்லை. எங்குமே இடம் விடவில்லை.

"மூச்சு முட்டும் புள்ள! தா இங்க!"

"சத்தம் போடாதீங்க."

சட்டைப் பையிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான். நூலில் வைத்தான்.

"வெட்டாதீங்க." அவள் பதறவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "திறந்தா உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் காஞ்சிபோகும். நீங்கதானே செல்லித் தந்தீங்க."

மற்றக் கையைப் பொதியின் மேல் வைத்தான். சூடு. ஈரம். உள்ளே, உள்ளங்கைக்கு நேர் கீழே, ஓர் அசைவு.

உயிர் இருக்கிறது. யா அல்லாஹ், உயிர் இருக்கிறது.

பிறகு விரல் நுனிக்குக் கீழேயும் அசைந்தது. மணிக்கட்டுக்குக் கீழே. ஓரத்தில். அடிப்பக்கத்தில். சீலை முழுக்க. மெல்ல. ஒரே நேரத்தில்.

குறடு தரையில் விழுந்தது.

றமீஸா குனிந்து, பொதியில் வாயை வைத்து, நீளமாக ஊதினாள்.

பிறகு அதைத் திருப்பினாள்.