நாக்குக் கமிஷனும் கெம்புக்கல் மோதிரமும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஐம்பத்தாறாம் ஆண்டு, ஓசூர் எந்த ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று மொழிக்காரர்களும் மேடை போட்டுக் கத்திக்கொண்டிருந்த வேளையில், அந்த மாபெரும் பிரச்சினை ஒரே முற்பகலில் நாக்கினால் தீர்க்கப்பட இருந்தது.

தீர்க்க முன்வந்தவர் தேன்கனிக்கோட்டைப் பெருநிலக்காரர் திம்மராயன். "ஒரு ஊரு யாருதுன்னு பேச்சு சொல்லாது, சோறுதான் சொல்லும்" என்பது அவர் சித்தாந்தம். ஓசூர்க் கடைவீதியைக் கடைகடையாகத் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. கமிஷனை நியமித்தவர் அவரே, தலைவர் அவரே, வாயும் அவருடையதே. வழிகாட்டி கிடையாது, மூக்கு போன பக்கம் கால் போயிற்று. பின்னால் ஒரு திருவிழாக் கூட்டம் போயிற்று.

காலை மணி பதினொன்று. சந்தையோரம் முனிலட்சுமியின் கேழ்வரகுக் களிக் கொட்டகை. சாப்பிட்டுக் கை கழுவிய திம்மராயன், தீர்ப்புச் சொல்ல மோதிர விரலை உயர்த்தினார். விரல் மட்டும் வந்தது. மோதிரம் வரவில்லை.

"என் கெம்புக்கல்லு எங்கடா?"

புளியங்கொட்டை அளவுச் சிவப்புக் கல். அவருடைய தகப்பனார் போட்டிருந்தது. திம்மராயனின் பார்வை சுற்றிச் சுற்றி வந்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றிய முனிலட்சுமியின் மேல் உட்கார்ந்தது.

"கைகிட்ட வந்தவ இவதான். ஸ்டேஷனுக்கு இழுங்க. கொட்டாயப் பிரிச்சுப் போடுங்க."

"இந்தக் கொட்டாய்தாங்க என் புள்ளைங்களுக்குச் சோறு" என்றாள் முனிலட்சுமி. அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம் அப்போது வாய் திறக்கும் நிலையில் இல்லை. மன்னார்குடிக்காரர். போன மாதம்தான் மாற்றலாகி வந்தார். வாழ்நாளின் முதல் களியை அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். மெல்ல மெல்ல அது வளர்ந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.

"ஐயா, களிய மெல்லக் கூடாதுங்க" என்று உள்ளூர் ஏட்டு எல்லப்பன் காதோரம் சொன்னார். "கிள்ளணும், உருட்டணும், கொழம்புல பொரட்டணும், உள்ள தள்ளணும். பல்லுக்கு இங்க லீவு."

வைத்திலிங்கம் ஒருவழியாக விழுங்கிவிட்டு எழுந்தார். கொட்டகையைச் சல்லடை போட்டுத் தேட உத்தரவிட்டார். அம்மி, அடுப்பு, கழுவிய இடத்துச் சேறு. ஒன்றுமில்லை. ஒரு கிழவி முனிலட்சுமியின் மடியையும் கொண்டையையும் உதறிப் பார்த்தாள். அங்கும் இல்லை.

"முளுங்கியிருப்பா" என்றார் திம்மராயன்.

பதினொன்றே கால். வைத்திலிங்கம் கமிஷன் வந்த வழியே எல்லப்பனோடு திரும்பி நடந்தார். முந்தைய கடை சரோஜம்மாளுடையது. போளியை இந்தப் பக்கம் ஒப்பட்டு என்பார்கள். அதில் அவள் கைகாரி.

"இங்க வந்தப்ப மோதிரம் இருந்துதாம்மா?"

"இருந்துச்சே. எட்டு ஒப்பட்டு தின்னாரு. ஒவ்வொண்ணுக்கும் கல்லு ஒருக்கா மினுக்குச்சு."

"கிளம்பறப்போ?"

"அப்பவும் இருந்துச்சுங்க. நெய்யி முழங்கையில ஓடுச்சு. நூலெல்லாம் பிசுபிசுங்குதுன்னு பிச்சு எலையில போட்டாரு."

"என்ன நூல்?"

சரோஜம்மாள் குரலைத் தணித்தாள். "மோதிரத்துக்கு உள்ளாற சுத்தியிருந்த நூலுங்க. அவங்கப்பா வெரலு தடி. இவருக்குப் பேச்சுதான் தடி."

எல்லப்பன் திரும்பிக்கொண்டு இருமினார்.

மீண்டும் கொட்டகை. வைத்திலிங்கம் கூட்டத்தைக் கேட்டார்: "மோதிரத்தோட களியில கை வச்சதைப் பாத்தவங்க?"

அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அன்று திம்மராயன் கையைத் தவிர யார் எதைப் பார்த்தார்கள்? அப்புறம்தான் அது குழம்புக்குள் மறைந்துவிட்டது.

"முனிலட்சுமி, நீ தண்ணி ஊத்தினப்போ?"

"வெறுங்கைங்க. நான் தொடக்கூட இல்ல. எட்ட நில்லுடின்னாரு, எட்ட நின்னு சொம்பச் சாச்சேன்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தட்டுல ஏதாவது மிச்சம் இருந்துதா?"

"வழிச்சு நக்கிட்டாருங்க. கழுவாம அடுத்த ஆளுக்குப் போடலாம்."

வைத்திலிங்கம் தன் தாடையைத் தடவினார். இன்னும் வலித்தது. தடவிய கை அப்படியே நின்றது.

"எசமான், சோத்துல கல் கிடந்தா என்ன பண்ணுவீங்க?"

"துப்புவேன். இதென்ன கேள்வி?"

"எப்படித் தெரியும்?"

"பல்லுல படுமே."

"களியில கிடந்தா?"

திம்மராயன் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"திருட்டு நடக்கலை" என்றார் வைத்திலிங்கம். "தொளதொள மோதிரம். பிடிச்சு வச்சிருந்த நூலை நீங்களே பிய்ச்சுட்டீங்க. விரலெல்லாம் நெய். ஒட்டுற களியில கை விட்டதும் மோதிரம் களியோட வந்துடுச்சு. நீங்க கிள்ளினீங்க, உருட்டினீங்க. எங்க ஊர்க்காரனா இருந்தா அங்கேயே பல் உடைஞ்சிருக்கும், மோதிரம் கிடைச்சிருக்கும். நீங்க இந்த மண்ணுக்காரர். மெல்லலை. காணோம்னதும் எல்லாரும் முனிலட்சுமியோட கையைப் பாத்தாங்க. உங்க பல்லுக்கு வேலையே இல்லைங்கறதை யாரும் பாக்கலை."

இருநூறு கண்கள் திம்மராயனின் தொண்டையிலிருந்து மெதுவாக இறங்கி வயிற்றில் நிலைத்தன. சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. புளியங்கொட்டைக் கல்லும் தங்கமுமாக ஒரு மோதிரம் மனிதத் தொண்டையில் இறங்கியிருக்கிறது, அந்த மனிதர் ஏப்பம் மட்டும் விட்டிருக்கிறார். அஞ்செட்டிக் காட்டில் யானை மரத்தைச் சாய்ப்பதைப் பார்த்தவர்கள்கூட இப்படி மலைத்து நின்றதில்லை. ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வைத்திலிங்கத்துக்கே தொப்பியைக் கழற்றத் தோன்றியது.

"வலிச்சுதுங்களா எசமான்?" என்று ஒருவன் பயபக்தியோடு கேட்டான்.

"மூணாவது உருண்டை" என்றார் திம்மராயன், எங்கோ பார்த்தபடி. "கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. உப்புக்கல்லுன்னு நெனச்சேன்."

"என் களியில உப்புக்கல்லு கெடக்காதுங்க" என்றாள் முனிலட்சுமி. அன்று அவள் கோபப்பட்டது அதற்கு மட்டும்தான். அடுப்பை ஊதிவிட்டு அடுத்தவருக்குத் தட்டு வைத்தாள்.

ஓசூர் யாருக்கு என்ற தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. எல்லப்பன் விளக்கெண்ணெய் வாங்கப் போனார்.

மறுநாள் காலை மோதிரம் கிடைத்தது. திம்மராயன் அதைத் தானே கழுவிக்கொண்டார்.