தன்னோஜோவின் தங்கை

தினமும் காலை பத்து மணிக்கு நான் மினாசே தன்னோஜோ ஆகிவிடுவேன். திருச்சி பாலக்கரை உருவேற்புக் கூடத்தில் இரண்டாம் மாடி, பதினேழாம் அறை. தொண்டையில் குரல்மாற்றியை ஒட்டி, நிழலுடல் சட்டையை மாட்டி, இரண்டு காதிலும் இரண்டு காவலைச் செருகிக்கொண்டால் முப்பத்துநான்கு வயது பிலோமினா மறைந்துவிடுவாள். எதிர்த்திரையில் ஐம்பது வயதுச் சாமுராய் ஒருவர் முழங்கால் மடித்து உட்கார்ந்திருப்பார். உள்ளே போன இட்லி மட்டும்தான் என்னுடையது.

தன்னோஜோ வரலாற்றில் இருந்தவர் அல்ல. பன்னிரண்டு பாகப் படக்கதை ஒன்றின் நாயகன். என் இடது காதில் இருக்கும் மூலக்காவல் அந்தப் பன்னிரண்டு பாகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கும். கதையில் இல்லாத குணத்தை நான் காட்டினால் ஒரு முறை கீச்சிடும். வலது காதில் காலக்காவல். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் இல்லாத ஒன்றைச் சொன்னால் அதுவும் கீச்சிடும். எதுவாக இருந்தாலும் மூன்றாவது கீச்சில் அமர்வு அறுந்துபோகும், உரிமத்தில் கரும்புள்ளி விழும்.

நான் பிறப்பதற்கு முன்பு இந்த வேலையை எந்திரங்களே பார்த்தன. கேட்டவருக்குப் பிடித்த உருவத்தில் வந்து, பிடித்த வரலாற்றைச் சொல்லிவிட்டுப் போயின. நடக்காத போர்களுக்காக ஊர்கள் அடித்துக்கொண்டு செத்த பிறகு சட்டம் வந்தது. பழங்காலத்து உருவத்தை மனிதர்தான் ஏற்க வேண்டும், ஏற்றவர் கதையையும் மீறக்கூடாது, வரலாற்றையும் மீறக்கூடாது. எந்திரங்கள் காவலுக்கு மட்டும். திருடனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்த கதை என்று எங்கள் கூடத்தில் பேசிக்கொள்வோம்.

இந்த வேலையில் பிழைக்க ஒரே வழி, கதையும் வாய் திறக்காத, வரலாறும் வாய் திறக்காத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிற்பதுதான். மூன்றாம் பாகத்தில் தன்னோஜோ சர்க்கரைவள்ளிக் கிழங்கை ரசித்துத் தின்பார். அந்தக் கிழங்கு அவருடைய ஊருக்கு வந்தது அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்து. கிழங்கு பிடிக்குமா என்று யாராவது கேட்டால், ஆம் என்றால் வலது காது கீச்சிடும், இல்லை என்றால் இடது காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் சொல்லும் பதில் இது: “அதன் பெயரைக் கேட்டாலே நாவில் நீர் சுரக்கிறது. ஏன் என்றுதான் எனக்கே தெரியவில்லை.” இரண்டு காதும் பேசாமல் இருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கோமளவல்லி. வையாபுரி என்பவருடைய மனைவி. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர் வையாபுரி. இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, மூன்று ஆண்டுகளாகத் தங்கள் வீட்டுத் திரை வழியாகத் தவறாமல் வந்தார்கள். ஊர் தெரியாது. வருபவர் வாயிலிருந்து ஊர்ப் பெயர் வந்தால் அது என் காதுக்கு எட்டுமுன் அறுந்துவிடும், அதுவும் ஒரு விதி.

கூடப்பிறந்தவர் யாருமில்லாத கோமளவல்லி இரண்டாவது வாரமே தன்னோஜோவை “அண்ணே” என்று கூப்பிட்டுவிட்டார். அதனால் வையாபுரிக்கு நான் மச்சான் ஆனேன். அந்த அழைப்பை நான் ஏற்றதற்கே மூலக்காவல் கீச்சிட்டது. கதையின்படி தன்னோஜோவுக்குத் தங்கை கிடையாது. எங்கள் மேற்பார்வையாளர் குணசீலன் கதையின் உரிமையாளர்களுக்கு எழுதிப் போட்டார். பிறர் அவரை எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம், அவர் திரும்ப உறவு சொல்லி அழைக்கக்கூடாது என்று பதில் வந்தது. அதன்படி மூன்று ஆண்டுகள் அந்த அம்மாள் என்னை அண்ணே என்றார். நான் அவரை ஒரு முறைகூடத் தங்கை என்று சொன்னதில்லை. குழம்பு வைத்த கதையும் முழங்கால் வலியும் சொல்வார், வையாபுரியைப் பற்றிப் புகார் சொல்வார். பொறந்த வீட்டில் வந்து ஆற்றிக்கொள்வதுபோலத்தான் அது இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை வையாபுரி தனியாக, முன்பதிவு இல்லாமல் வந்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம்.

“ஒங்க தங்கச்சி போயிட்டா மச்சான். விடியக்காலம் நாலு மணிக்கு. பொறந்த வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்லணும், அதான் வந்தேன். சாயங்காலம் எடுக்கிறோம்.”

 அழத்தான் வந்தது. ஆனால் தன்னோஜோ அழமாட்டார், ஏழாம் பாகத்தில் தன் தாயின் மரணத்துக்கே அழாதவர். ‘ஐயோ’ என்ற சொல்லுக்கு இடது காது கீச்சிடும் என்று எனக்குத் தெரியும். கரும்புள்ளிக்குப் பயந்து, எந்தக் காதும் குறைசொல்ல முடியாத ஒரு வாக்கியத்தைக் கதையிலிருந்தே எடுத்து அவரிடம் கொடுத்தேன். பன்னிரண்டாம் பாகத்தில், தலைவரை இழந்த தன்னோஜோ சொல்வது.

“இழந்தவனுக்கு நாற்பத்தொன்பது நாள் போதும். அதற்குள் வழி தெரிந்துவிடும்.”

வையாபுரி அதைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சரிங்க மச்சான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியத்தை அடுத்து வரும் பக்கங்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் தன்னோஜோ தலைவரின் கல்லறைக்கு முன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வார். கதை அங்கே முடிகிறது. உரிமத்தின்படி எங்கள் தன்னோஜோ எப்போதும் அந்தக் கடைசி வசந்தத்தில், அந்த நாளுக்குச் சற்று முன்னால் நிற்பவர். அந்த நிதானத்துக்காகத்தான் அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆறுதல் என்று நான் கொடுத்ததை, பன்னிரண்டு பாகமும் படித்த வையாபுரி நாள் குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த வியாழன் அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டுப் பத்திரத்தை மகள் தேன்மலர் பேருக்கு மாற்றிவிட்டதாகவும், கறவை மாட்டைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டிவிட்டதாகவும் சொன்னார். எழுந்து போகும்போது, அடுத்த புதனோடு நாற்பத்தொன்பது, வழி தெரிந்துவிட்டது மச்சான் என்றார்.

அவர் போன மறுநிமிடம் குணசீலனிடம் ஓடினேன். குணசீலன் கெட்டவர் அல்ல. அபாயக் கணிப்பு எந்திரத்தைத் திறந்து காட்டினார். வையாபுரி சொன்னது கதையில் வரும் வாக்கியம் என்பதால் ‘ரசிகர் மேற்கோள், அபாயமில்லை’ என்று அது பதிந்திருந்தது. முகவரியைத் திறக்க மேலிடத்துக்கு மனு போட வேண்டும், பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாள் கழித்து யாருக்கு சார் முகவரி என்று கேட்டேன். அவர் மனுவை அப்போதே எழுதி அனுப்பினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

என் கையில் இருந்தது ஒரே ஒரு அமர்வு. நாற்பத்தொன்பதாம் நாளுக்கு முந்தைய நாளுக்கு வையாபுரி முன்பதிவு செய்திருந்தார். மச்சானிடம் சொல்லிக்கொண்டு போக.

கூடத்து நூலகத்திலேயே கிடந்தேன். படக்கதையில் தன்னோஜோ சாவது 1669இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, தலைவர் பின்னால் உயிர்விடக்கூடாது என்று அந்நாட்டு அரசு தடை போட்டிருந்தது. மீறிய ஒருவருடைய பிள்ளைகளுக்கு மரணதண்டனை கொடுத்ததும் பதிவாகி இருக்கிறது. கதை எழுதியவர் இதைச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. தன்னோஜோவுக்கு ஏழு வயதில் ஒரு மகள் உண்டு. பன்னிரண்டாம் பாகத்தில் இரண்டே படங்களில் வருவாள், வாசலில் நிற்பாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று கதை கவலைப்படவில்லை. நான் நிற்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வையாபுரி வந்தார். அதே வெள்ளைச் சட்டை. நான் முந்திக்கொண்டேன். அரசின் தடையைப் பற்றிச் சொன்னேன், போனவருடைய பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஏழு வயது, வாசலில் நிற்கிறாள் என்று சொன்னேன். இரண்டு காதும் அமைதியாக இருந்தன. பதினோரு ஆண்டு சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக நான் பேசியதில்லை.

வையாபுரி என்னைக் கூர்ந்து பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ நீங்க போகலையா மச்சான்?”

இந்தக் கேள்விக்கு நடு இடம் கிடையாது. ‘போவேன்’ என்று கதை எழுதி முடித்துவிட்டது. பிடிகொடுக்காத பதில் நாலைந்து எனக்குத் தெரியும், எல்லாம் கிழங்குக்கு ஆகும்.

“போகமாட்டேன்” என்றேன். இடது காது கீச்சிட்டது.

“நீங்களும் போகக்கூடாது. கோமளா என் தங்கச்சி, நான் சொல்றேன்.” இரண்டாவது கீச்சு. இன்னும் ஒன்றுதான் மிச்சம். தன்னோஜோவின் கட்டைக் குரலிலேயே என் பேச்சைப் பேசினேன். “எங்கம்மா செத்த நாப்பதாம் நாளு எங்கப்பா இப்படித்தான் வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு உள்ள போயி கதவைச் சாத்துனாரு. எனக்கு ஒம்பது வயசு. நான் இன்னும் தட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். தேன்மலரை—”

திரை இருண்டது. கடைசியில் எந்தச் சொல் வரை அவருக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே என் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். புதன்கிழமை முழுவதும் கூடத்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். யார் எதற்கு என்று கேட்டாலும் சொல்லத் தெரியவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை நான்தானே அவர் கையில் கொடுத்தேன் என்ற நினைப்பு என்னைப் பிய்த்துத் தின்றது.

சனிக்கிழமை குணசீலன் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். என் மேல் புகார். ‘மினாசே தன்னோஜோவின் உருவை ஏற்றவர் அவர் பேசாததைப் பேசி, அவரைக் கெடுத்துவிட்டார். நடவடிக்கை எடுக்கவும்.’ கீழே வையாபுரி என்று கையெழுத்து. தேதி நாற்பத்தொன்பதாம் நாளுக்கு மறுநாள். அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்மேல் வந்த புகாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதவள் அந்தக் கூடத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விசாரணைக்கு வையாபுரி மகளோடு வந்தார். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். விதிப்படி நான் வேடமில்லாமல் எதிரே உட்கார வேண்டும். அறைக்குள் வந்தவர் ஒரு ஆண்பிள்ளையைத் தேடிவிட்டு என்னைப் பார்த்தார், நம்பாமல் குணசீலனைப் பார்த்தார்.

புகாரை வையாபுரியே வாசித்தார். மனைவி போன பிறகு தனக்கென்று மிஞ்சியது மச்சான் ஒருவர்தான், அவரையும் இந்தப் பெண் இல்லாமல் பண்ணிவிட்டாள் என்றார். புதனன்று காலையிலிருந்து கோபம் தலைக்கேறி, புகார் எழுதத் தெரியாமல் தேன்மலரைக் கூப்பிட்டதாகவும், அவள் ஓசூரிலிருந்து கிளம்பி வந்தவள் இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். தேன்மலர் தலை நிமிரவே இல்லை. அப்பாவின் சட்டை நுனியை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஒருவரைத் தன்னோஜோவாகக் கொடுப்பதாகக் குணசீலன் சொன்னார். வேண்டாம், இனிமேல் பார்த்தால் உள்ளே யாரென்றுதான் தேடுவேன் என்று வையாபுரி மறுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். என் உரிமத்தை ரத்து செய்யச் சம்மதம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நிதானமாகத்தான் போட்டார். பேனாவை மூடி வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“மூணு வருஷமா அவ அண்ணேன்னு கூப்பிட்டது ஒன்னையா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“எந்த ஊரும்மா நீ?”

இதே ஊர்தான், பாலக்கரை, அடுத்த தெருவிலேயே வீடு என்றேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். 

“பொறந்த வீட்டுக் கோடித் துணி போட ஆளில்லாம அவளை அனுப்புனோம். அண்ணன் சீமையில இருக்காரு, வரமுடியாதுன்னு நாலு பேருகிட்ட நானே சொன்னேன்” என்றார். “மணப்பாறைதாம்மா நாங்க. பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம்.”