எடுத்துக்கொள்ளாத நான்கு மணி நேரம்

காலை ஆறரை மணிக்கு 'இசுல்' இசைக்குழுவின் நான்கு பெண்களும் சாய்நாற்காலிகளில் வரிசையாகப் படுத்து, முந்தைய நாள் தாங்கள் உலகில் எங்கெங்கே என்னென்ன செய்தோம் என்பதைத் தெரிந்துகொள்வார்கள். பல் துலக்குவதைப் போல அதுவும் அவர்களுக்குப் பழகிவிட்டது.

சியோலில் அவர்கள் உறங்கி எழுவதற்குள் அவர்களுடைய நிகருருக்கள் பன்னிரண்டு நகரங்களில் பாடி முடித்திருக்கும். நிகருரு என்பது வெறும் ஒளிப்பிம்பம் அல்ல. ஒருவருடைய மனம் முழுவதையும் நகலெடுத்து, ஒளியுடலில் ஏற்றி அனுப்புவார்கள். அது பாடும், ரசிகர்களோடு கதை பேசும், கேலி செய்தால் வெட்கப்படும். நாள் முடிந்ததும் அதன் நினைவுகளை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு மூளை, நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வெளிநினைவைத் தாங்காது. அதனால் நிகழ்வுகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களாகச் சுருக்கப்பட்டு, கண்முன்னே ஒரு பட்டியலாக விரியும். வேண்டியதைத் தொட்டுக்கொள்ளலாம். தொடாதவை அன்று மாலைக்குள் அழிக்கப்பட்டுவிடும்.

மிரே எப்போதும் பெரிய கூட்டங்களைத்தான் தொடுவாள். அதற்குக் காரணம் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, தேகு நகரத்துச் சந்தையின் பின்புறம் போட்ட மேடையில் இசுல் முதன்முதலாகப் பாடியபோது, எதிரே நாற்பது பேர்கூட இல்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் பள்ளி விழாக்களிலும் கடைத் திறப்புகளிலும் ஆடினார்கள். ஒருவழியாகத் தொலைக்காட்சியின் வாராந்தரப் போட்டியில் முதலிடம் கிடைத்தது. ஒரே வருடத்தில் கொரியா முழுவதும் அவர்களுடைய பாட்டுதான். நிகருருக்களுக்கு அனுமதி வந்ததும் டோக்கியோ, ஜகார்த்தா, மதுரை, சாவோ பாலோ என்று உலகம் அவர்களைக் கொண்டாடியது.

அந்த முதலிடம் கிடைத்த நாளின் காலையில்தான் மிரேயின் அப்பா இறந்துபோனார். தகவல் தெரிந்தும் அவள் மேடையேறினாள். நால்வரில் ஒருத்தி குறைந்தால் மற்ற மூவரின் வாய்ப்பும் போய்விடும். மறுநாள் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தாள். அப்போதும் அழவில்லை. பிறகு நேரமும் அமையவில்லை.

ஒரு வியாழக்கிழமை, ரசிகர் அஞ்சலில் தமிழ்க் கடிதம் ஒன்று வந்தது. மொழிபெயர்க்கும் கருவியான பெயர்ப்பி அதைக் கொரிய மொழியில் வாசித்தது.

'மிரே தங்கச்சிக்கு, தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா எழுதுவது. என் மகள் ஷெரினுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, மதுரை மருத்துவமனையில் நான்கு மணி நேரம் என் பக்கத்திலேயே இருந்தாய். குழந்தைகளுக்குப் பாட வந்தவள் போகாமல் உட்கார்ந்துவிட்டாய். ஷெரின் இப்போது நடக்கிறாள். நீ அன்று அப்பாவை நினைத்து அவ்வளவு அழுதாயே, மனசு ஆறிவிட்டதா?'

மிரே கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் செய்தாள். பிறகு குழுவில் மூத்தவளான, அவள் 'ஒன்னி', அதாவது அக்கா, என்று அழைக்கும் தாஹீயிடம் காட்டினாள்.

"ஒன்னி, எனக்கு இதுல எதுவுமே ஞாபகம் இல்ல."

"அந்த நாளை நீ எடுத்துக்கலையா?"

"பட்டியல்ல இருந்துச்சு. மதுரை, மருத்துவமனை, நாலு மணி நேரம்னு. பக்கத்துல 'அப்பா, அழுகை'ன்னு குறிச்சிருந்தாங்க. பார்த்தேன். விரலைத் தள்ளி சாவோ பாலோவைத் தொட்டுட்டேன்."

தாஹீ அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளர் பார்க்குக்கு இது விளங்கவில்லை. உடலோடு கடல் கடந்து போவதை இசைக்குழுக்கள் மறந்தே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

"நேர்ல எதுக்குப் போகணும் மிரே? நிகருருவை அனுப்பிடலாமே."

"அவளைத்தான் ஏற்கெனவே அனுப்பினோம் சார். இந்தத் தடவை நான் போறேன்."

தூத்துக்குடி வெயிலில் கண் கூசியது. ஜெசிந்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தார். நீலச் சீருடையைக்கூட மாற்றவில்லை. வாசலில் நின்றவளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். மிரேயின் காதில் பெயர்ப்பி மெல்லப் பேசிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. நான் அதை எடுத்துக்கல."

"தெரியும் தங்கச்சி. நீதான் சொன்ன."

மிரே நிமிர்ந்து பார்த்தாள்.

"போறதுக்கு முன்னாடி சொன்ன. 'காலைல அவ இதை எடுத்துக்க மாட்டா அக்கா, அவளுக்குப் பயம். அதனால நீங்க வச்சிக்கிடுங்க. எப்பவாவது கேட்டு வந்தா குடுங்க'ன்னு. ஒனக்கு ஞாபகம் இருக்காதுன்னு தெரியாத மாதிரி கடிதத்துல எழுதுனதும் அதுக்குத்தான். வாரியான்னு பாத்தேன்."

"என்ன சொல்லி அழுதேன்?"

"மொதல்ல நான்தான் அழுதேன். உள்ள பிள்ளைய அறுத்துக்கிட்டிருக்காங்க, நான் வெளிய சும்மா உக்காந்திருக்கேனேன்னு. ஒடனே நீ ஒங்க அப்பாவப் பத்திச் சொன்ன. பஸ் டிரைவராமே. ஒன்ன ஸ்கூல் வாசல்ல இறக்கிவிட்டு, நீ உள்ள போற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டாராம். பின்னால உள்ளவங்க ஏசுவாங்களாம். அப்பேர்ப்பட்ட மனுசன் செத்த அன்னைக்கு ஆடிட்டேனேன்னு விம்மி விம்மி அழுத. ஒன்னால பேசவே முடியல."

ஜெசிந்தா தொடர்ந்தார்.

"நான் கேட்டேன். பஸ் நெறைய ஆள் இருக்கும்போது அவருக்கு இப்படி ஒரு சேதி வந்திருந்தா, பாதி வழில எல்லாரையும் இறக்கிவிட்டிருப்பாரான்னு. நீ ரொம்ப நேரம் யோசிச்ச. 'மாட்டாரு, கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம்தான் அழுவாரு'ன்ன. அதச் சொல்லும்போதே ஒனக்குச் சிரிப்பு வந்துட்டு."

உள்ளறையிலிருந்து ஷெரின் வந்து எட்டிப் பார்த்தாள். பத்து வயதிருக்கும். இடது காலை லேசாக இழுத்து நடந்தாள். மிரேயைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அக்கா..." மிரே குரலைத் தாழ்த்தினாள். தன்னைப் பற்றித்தான் கேட்கிறாள். ஆனால் தொலைவில் போன தங்கையை விசாரிப்பவளைப் போலக் கேட்டாள். "போகும்போது அவ எப்படி இருந்தா?"

ஜெசிந்தா யோசித்தார். "மொகம் கழுவுன மாதிரி இருந்தா. ஷெரின் கண்ணு முழிச்சதும் மொதல்ல பாத்தது அவளத்தான். ஒரு பாட்டு பாடுனா. நேரம் முடிஞ்சிட்டுன்னு சொன்னா. அப்படியே மறஞ்சிட்டா."

அதற்கு மேல் மிரேயால் தாங்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகளாக வராதது அந்தச் சின்னக் கூடத்தில் வந்தது. அப்பாவுக்காக அழுதாள். தனக்குப் பதிலாக அழுதுவிட்டு, யாரும் தேடாமல் கரைந்துபோன அந்த ஒருத்திக்காகவும் அழுதாள்.

ஜெசிந்தா நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் பிடிக்கப் போனேன்" என்றார். "கை காத்துலதான் போச்சு."