மூன்றாவது பங்கு

ஞானவேலின் புள்ளித் தாளில் இருந்த எண்ணைச் சுபஸ்ரீ எழுதவில்லை.

1,19,985. பென்சில் எழுத்து. ஒன்பதின் வாலை அடிக்கோட்டையும் தாண்டி இழுத்துவிடும் அந்தக் கை அவளுக்குத் தெரியும். அதற்குரியவன் செண்பகனூருக்குக் கீழே ஒரு மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து செத்து ஏழு மாதமாகிறது.

நாயுடுபுரத்தில் ஞாயிறு மாலை நாலு மணிக்கே எதிர்வீடு மறைந்துவிட்டது. பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டி, நீராக இறங்கி, சட்டத்தின் விரிசல் வழியே உள்ளே கசிய, அதோடு யூகலிப்டஸ் வாசனையும், அதற்கு அடியில் வீட்டுக்குள் வரக் காரணமே இல்லாத பெட்ரோல் வாசனையும் மெதுவாக மேஜைவரை வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு நாய் பிரௌனி மதியத்திலிருந்து எதையோ பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

மேஜையில் பகடைகள், குகையின் வரைபடம், ஆறிப்போன டீ. சுபஸ்ரீ கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவாள். ஞானவேல், அவன் தங்கை சுகன்யா, நண்பன் மனோஜ்குமார் மூவரும் ஆளுக்கொரு வீரனாகக் கற்பனைக் குகைக்குள் இறங்குவார்கள். வெளியே கொண்டுவந்து சேர்த்த புதையலில் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி, எல்லோருக்கும் சமபங்கு. எதைக் கொன்றாலும் அதற்குத் தனிப் புள்ளி. புள்ளி கூடக்கூட லெவல் ஏறும்.

செத்தவனுக்குப் பங்கு இல்லை. அதுதான் விதி. ஆனால் காரியம் முடிந்த வாரம் சுகன்யா, "அண்ணனுக்கும் ஒரு பங்கு போடுங்கக்கா" என்று அழுதபோது சுபஸ்ரீ மறுக்கவில்லை. அடுத்த வாரமும் போட்டாள். அதற்கடுத்த வாரமும். மற்ற இருவரின் வீரர்கள் குகையில் செத்துச் செத்து முதல் லெவலிலிருந்து தொடங்கினார்கள். ஞானவேலின் வீரன் குகைக்குப் போவதே இல்லை. அதனால் சாவதும் இல்லை.

"செத்தும் நம்மள முந்திட்டான்க்கா அவன்" என்று மனோஜ் சற்றுமுன் சிரித்தபடி ஜெர்கினை மாட்டினான். அவன் பெரும்பாறை போக வேண்டும். "என் பங்க எழுதி வச்சிருங்க. மிஸ்ட் அடைக்கிறதுக்குள்ள வெரசா எறங்கிர்றேன்."

அவன் போனபின் சுபஸ்ரீ அன்றைய புதையலான ஆறாயிரம் காசை இரண்டாக வகுத்தாள்.

"ரெண்டு பங்குதானாக்கா?" சுகன்யா கேட்டாள். "அண்ணனுக்கு?"

"செத்தவங்களுக்குக் கெடையாது. ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

"ஏழு மாசமா இல்லாத ரூல்ஸு இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு?"

 சுபஸ்ரீ காலையில்தான் விதிப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாள். ஒன்பதாவது லெவலுக்கு 1,20,000 புள்ளி. அதை எட்டியவனுக்குச் சொந்தமாக ஒரு கோட்டை. கூப்பிடாமலே ஆட்கள் தேடி வந்து அவனுக்குக் கீழ்ப்படிந்து நிற்பார்கள். இன்னும் பதினைந்துதான் பாக்கி. இன்று ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

வெளியே பிரௌனியின் குரைப்பு பாதியில் நின்றது. முனகல்கூட இல்லை. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும், ஏதோ எண்ணுவது போல.

சுபஸ்ரீ ஞானவேலின் தாளைப் பார்த்தாள்.

1,19,990.

"அண்ணன் எழுத்து" என்றாள் சுகன்யா. அவள் முகத்தில் பயமே இல்லை. மெல்லிய சந்தோஷம் இருந்தது.

சுபஸ்ரீயின் விரல் புத்தகத்தில் எதைக் கொன்றால் எத்தனை புள்ளி என்ற பட்டியலில் தடுமாறி இறங்கியது. நாய், ஐந்து புள்ளி. அதற்கு அடுத்த வரி: சாதாரண மனிதன், பத்து.

பத்துதான் பாக்கி.

மனோஜ் கிளம்பிக் கால் மணி நேரம். இந்நேரம் செண்பகனூரைத் தாண்டியிருப்பான். அந்த வளைவு.

போனை எடுத்தாள். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். காற்று. ஈரமான மூச்சு. துண்டித்தார்கள்.

பங்கைக் கொடுத்துவிட்டால் போதும். அவன் ஒன்பதைத் தொடட்டும், கோட்டை கட்டட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும். மனோஜ் சாக வேண்டாம். பென்சிலைப் பிடித்தாள்.  இரண்டு பங்கை அடித்தாள். மூன்றாக வகுத்தாள். ஞானவேல், இரண்டாயிரம். எழுதினாள். அழுத்தி எழுதினாள். முனை ஒடிந்தது.

ஞானவேலின் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

1,20,000. அவள் கூட்டுவதற்கு முன்பே. கடைசிச் சுழியத்தில் ஈரம் இருந்தது.

வாசல் கேட் கிரீச்சிட்டது.

"மனோஜ் திரும்பி வந்துட்டான் போல" என்று சுகன்யா எழுந்தாள்.

"திறக்காத."

திறந்துவிட்டாள்.

பனி உள்ளே வந்தது. படியில் மனோஜ் நின்றான். ஹெல்மெட் ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. பின்னால் பைக் இல்லை. காலடியில் பிரௌனி. வாலாட்டவில்லை. தலை தவறான பக்கம் திரும்பியிருந்தது.

மனோஜும் நாயும் சுபஸ்ரீயைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் காலியாகப் போட்டுவைத்த நாற்காலியை.

மனோஜ் மண்டியிட்டான். நாயும் முன்னங்கால்களை மடக்கியது.

சுகன்யா திரும்பினாள். சிரித்தாள். அவளும் மண்டியிட்டாள்.

சுபஸ்ரீயின் முதுகுக்குப் பின்னால், பெட்ரோல் வாசனையோடு, யாரோ நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.