இறங்காத அழுத்தம்

இஞ்சினை நிறுத்தி நான்கு நிமிடங்கள் ஆகியும் அந்த உறிஞ்சல் நிற்கவில்லை.

லோரியின் அடியில் அட்டையை விரித்துப் படுத்திருந்த வசுமதி, கைப்பேசியில் மறுபடியும் நேரம் பார்த்தாள். டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா தண்ணீரை, இஞ்சின் நின்றதும் பம்பு குழாய்களிலிருந்து தொட்டிக்கே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதோடு அடங்கிவிட வேண்டும். இதுவோ ஈரமாக, பொறுமையாக, எதையோ கடைசிச் சொட்டுவரை தேடுவதுபோல உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"நிறுத்திட்டியாடா?"

"எப்பவோ நிறுத்திட்டேன்க்கா." மேலே, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தம்பி தர்மாவின் குரல். பின்னாலேயே இருமல்.

தர்மா எஸ்டேட் லோரிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவனுக்கு முன் ஓட்டியவர் சுகுமாரன். அணைக்குப் போகும் சாலையில் ஒரு நண்பகல், லோரியை ஒழுங்காக ஓரங்கட்டிவிட்டு, இருக்கையிலேயே இறந்து கிடந்தார். நெஞ்சுவலி என்றார்கள். தர்மாவின் மனைவிக்கு ஏழு மாதம். வந்த வேலையை அவன் விடவில்லை. முதல் நாளே யூரியா அழுத்தம் அதிகம் என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த வாரமே அவனுக்கு இருமலும் பிடித்தது.

"மூச்சு உள்ள போவுதுக்கா, வெளிய வரமாட்டேங்குது" என்று போனில் சொன்னான். மலைக் குளிர்தான் என்று வசுமதி இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். ஆனால் விளக்கு அணையவில்லை. நாளைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணி யோகேந்திரன் சொன்னபிறகுதான், கீழே ரிங்லெட் ஊரில் இருந்த தன் பட்டறையைப் பூட்டிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்தாள்.

மணி மூன்றுதான். அதற்குள் தேயிலைச் சரிவுகளிலிருந்து மூடுபனி கிளம்பி, கொட்டகையின் திறந்த வாசல் வழியாகத் தரையோடு தரையாக நுழைந்து, அவள் கால்களை மறைத்திருந்தது. தொழிற்சாலைக்கு விடுமுறை. உலர்ந்த தேயிலையின் வாசனைக்கு அடியில் யூரியாவின் மூத்திர நெடி மூக்கை அரித்தது. எங்கோ தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

உறிஞ்சல் ஒருவழியாக நின்றது.

"சாவிய மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத. ஸ்கேனர்ல நம்பர் கோசோங் காட்டுதா பாரு."

இஞ்சின் ஓடாதபோது அழுத்தம் கோசோங், அதாவது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

"ரெண்டு காட்டுதுக்கா. இல்ல, மூணு. இப்ப திரும்ப ரெண்டு."

சென்சார் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். கைமீட்டரைக் குழாயில் பொருத்தினாள். அதன் முள்ளும் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது. மீண்டும் ஏறியது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டாள். பம்பு செத்துவிட்டது. முள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த அசைவை இதற்கு முன் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

மேலே தர்மா இருமினான். முள் துள்ளியது.

அவள் கை ஒரு கணம் நின்றது. கேபின் ஆடியிருக்கும், அவ்வளவுதான். பதினாறு வருடமாக லோரி பார்க்கிறவள். அடைப்பு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டிக்குத் திரும்பும் குழாய். யூரியா காய்ந்து உப்பாகி அடைத்துக்கொண்டால், அழுத்தம் போக இடமில்லாமல் உள்ளேயே நிற்கும். வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும்.

அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து இணைப்பின்மேல் வெந்நீரை ஊற்றினாள். கிளிப்பைத் தளர்த்தினாள்.

உஸ்ஸ் என்று காற்று வெளியேறி அவள் கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

அதில் யூரியா நெடி இல்லை. இஞ்சி மணத்தது.

வசுமதி முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"தர்மா, என்னடா பண்ற?"

"ஒண்ணும் பண்ணலயே." குரல் கொஞ்சம் சன்னமாக இருந்தது. "ஒண்ணரைக்கு எறங்கிடுச்சு."

இறங்குகிறது. அவள் காத்திருந்ததும் அதற்குத்தான். நாளைக்கு விளக்கு எரியாது. தம்பி வேலையில் இருப்பான். மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம். கிளிப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். இஞ்சி மணத்தோடு அந்தக் காற்று நீளமாக, நடுங்கி நடுங்கி வெளியே வந்தது.

"இப்ப?"

"ஒண்ணு."

"இப்ப?"

குரல் இன்னும் சன்னமாகியிருந்தது.

"அக்கா… போதும்லா."

"கொஞ்சம் பொறுடா. முடிஞ்சுபோச்சு."

"அக்கா…"

குழாயை முழுதாக உருவினாள். காற்று நின்றது. மீட்டரின் முள் சாய்ந்து, அடியைத் தொட்டு, அப்படியே கிடந்தது. தொட்டியையும் கழுவிவிடலாம் என்று மற்றக் குழாய்களையும் வயர்களையும் கழற்றி, பட்டையை அவிழ்த்து, சிமெண்டுத் தரையில் இறக்கினாள். கனத்தது. இனி அதற்கும் லோரிக்கும் ஒரு கம்பிகூட இணைப்பில்லை.

"இப்ப எவ்வளவுடா?"

"கோசோங்க்கா."

தெளிவான குரல். இருமல் இல்லை. இளைப்பு இல்லை. அப்பாடா என்று வசுமதி மூச்சுவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது.

குரல் மேலிருந்து வரவில்லை.

அவள் அசையவில்லை. கூரையின் சொட்டும் நின்றிருந்தது. பனி இடுப்புவரை ஏறியிருந்தது.

"தர்மா?"

கேபினில் சத்தமில்லை.

ஊர்ந்து வெளியே வந்தாள். படியில் கால் வைத்தாள். வழுக்கியது. கைப்பிடியைப் பற்றி ஏறினாள். கதவைத் திறந்தாள்.

தர்மா நேராக உட்கார்ந்திருந்தான். மடியில் ஸ்கேனர். ஒரு கை சாவிமேல். கண்கள் திறந்திருந்தன. நெஞ்சு அசையவில்லை. அகலத் திறந்திருந்த வாய்க்குள், நாக்கும் பல்லும் தெரியாதபடி, வெள்ளை உப்பு பூத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உதட்டைத் தாண்டி, மிக மெல்லிய ஊசிகளாக, முகவாயை நோக்கி வளர்ந்தது.

அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கீழே, பனிக்குள், சிமெண்டுத் தரையில் தனியாகக் கிடந்த தொட்டியின் பிளாஸ்டிக் சுவர்கள் உப்பின. அமுங்கின. உப்பின.

குழாய் உருவிய அதன் வாயிலிருந்து, சொன்ன வேலையைத் தவறாமல் செய்கிற பிள்ளையின் குரல் வந்தது.

"ஏறுதுக்கா. ஒண்ணு… ஒண்ணரை… ரெண்டு…"