பிரித்துப் பூட்டிய என்ஜின்

அந்த என்ஜினைக் கொட்டகையில் இறக்கியபோது அங்கே இருந்தவர்கள் மூவர்: வீட்டுக்குப் பெரியவர், அவர் மனைவியின் தம்பி, இறந்துபோன மகனின் மனைவி. நாலாவது ஆள் இல்லை. தாங்களும் கூட நின்றதாகக் கதை சொல்பவர்கள் யாரும் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை.

மழைக்காலம் முழுக்கப் பழைய இரும்புக் கிடங்கில் நனைந்து கிடந்த லாரி என்ஜின் அது. சங்கிலியில் தொங்கி, மெல்லச் சுழன்று, மரக்கட்டைகளின் மேல் அது உட்கார்ந்ததும், பெரியவர் தன் பழக்கப்படி அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"வர்ற வழியில வெயில் பட்டிருக்கும் அத்தான்," என்றான் மைத்துனன். அவன் ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டுக்குக் கேட்கும் என்பதால் ஊரில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர்.

"எந்த வெயில் மாப்ளே? காலையிலேர்ந்து தூறல் விட்டுச்சா?"

மருமகளும் கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

மகன் லாரியோடு பாலத்துச் சுவரை இடித்து விழுந்து இறந்தான்; அந்த லாரியின் என்ஜின்தான் இது. ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டான் என்றது ஊர். பெரியவரின் அப்பா டிரைவர், பெரியவர் டிரைவராக இருந்து மெக்கானிக் ஆனவர், மகனும் டிரைவர். அந்தக் குடும்பத்தில் ஒருவன் வண்டியில் கண்ணயர்ந்தான் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. டிரைவர் சங்கக் கூட்டத்தில் பெரியவர் எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்திருந்தார்: எண்ணெய் ஏறாமல் பேரிங் பிடித்து, என்ஜின் இறுகி, வண்டி ஒருபக்கமாக இழுத்திருக்கிறது. பிரித்துக் காட்டுகிறேன். நாளை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள்.

மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினார். துருவும் சேறும் பழைய டீசலும் கலந்த நெடி கொட்டகையை நிறைத்தது. தகரக் கூரையில் தூறல் ஓயாமல் அரிசி புடைப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெயை வடித்தபோது அது கெட்டியாக, இரும்புப் பொடி ஏதும் இல்லாமல், தேன்போல இழுத்துக்கொண்டு இறங்கியது. மேல்மூடியைக் கழற்றினார். பிஸ்டன் ஓடும் சுவர்களில் ஒரு கீறல் இல்லை. அடித்தொட்டியை இறக்கினார். அவர் பட்டறை வழக்கப்படி ஒவ்வொரு பேரிங் மூடியிலும் உளியால் புள்ளி குத்தப்பட்டிருந்தது, எந்த மூடியும் இடம் மாறாதபடி. மகன் குத்திய புள்ளிகள். கடைசியாக இதைப் பிரித்துப் பூட்டியவன் அவன்தான். பழந்துணியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பேரிங்கையும் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

முகம் பார்க்கலாம்போல் இருந்தது. எல்லாமே.

"நல்லா இருக்கே அத்தான்," என்றான் ஹாரன். முதல்முறையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"வாயை மூடு."

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். ஓடுகிற என்ஜினின் நோவை அவர் இப்படித்தான் கண்டுபிடிப்பார். ஓடாத என்ஜினில், அதுவும் குடல் உருவிப்போட்டதில், கேட்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியாதா? வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் வைத்தார்.

கேட்டது. மெதுவாக இழுத்து, கொஞ்சம் நின்று, தொண்டையில் ஒரு சிறு விக்கலோடு வெளியேறும் மூச்சு. தொட்டிலில் கேட்டது. வளர்ந்த பிறகு கூடத்துப் பாயில் கேட்டது. அந்த விக்கலை அவர் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வார்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். அது இல்லாமலும் கேட்டது.

"தூங்குறாங்க மாமா," என்றாள் மருமகள். அவள் முகத்தில் மாதக்கணக்காகக் காணாத ஒரு தெளிவு. "அலுத்துப் போயி தூங்குறாங்க. எழுப்பாதீங்க."

ஹாரன் வாசலுக்குப் போய்விட்டான். "அத்தான், வேணாம். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுரலாம். நான் வண்டி பிடிச்சிட்டு வரேன்."

"சங்கத்து ஆளுங்க வர்ற நேரம். அவங்க காதுல இது விழணுமா? என் மகன் தூங்குறான்னு?"

அரத்தை எடுத்தார். பளபளத்த ஒரு பேரிங்கைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, குறுக்கே இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் அந்த மூச்சு தடுமாறியது. கெட்ட கனவு காண்பவனைப்போல் ஒரு முனகல். கீறிய பேரிங்கைக் கரி பூசித் தனியே வைத்தார். அதன் இடத்தில் மாற்றுப் பேரிங். பிறகு அவசரமாகப் பூட்டத் தொடங்கினார். திறந்து கிடந்தால் வெளியே கேட்கும்.

புள்ளி பார்த்து மூடி. போல்ட். இறுக்கு. ஒவ்வொரு மூடிக்கும் பிறகு கம்பியை மாட்டி கிராங்குத் தண்டைச் சுற்றிப் பார்ப்பது முறை. சுற்றினார். உள்ளே மூச்சு திணறியது.

"மாமா, அவருக்கு மூச்சு முட்டுது."

"தள்ளிப் போம்மா."

"முட்டுது மாமா!"

அவள் அவர் கையைப் பிடித்தாள். உதறினார். அவர் கண்ணிலிருந்து நீர் தாடையில் வழிந்து இரும்பில் சொட்டியது, துடைக்கவில்லை. அடித்தொட்டி. மேல்மூடி. அதன் போல்ட்டுகளைச் சிலுவைபோல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இறுக்கினார். மூச்சு சுருங்கியது. நூலானது. கடைசி போல்ட்.

அமைதி.

தூறல் மட்டும்.

சங்கத்தார் வந்தார்கள். பெரியவரின் உள்ளங்கையில் இருந்த கீறிய பேரிங்கை மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள். தலைவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தப்பாப் பேசிட்டோம் ஐயா. புள்ள மேல குத்தமில்ல."

பெரியவர் நிமிர்ந்து நின்றார். அப்போதுதான் அது தொடங்கியது. இரும்பில் இரும்பு மோதும் ஒலி அல்ல. உள்ளங்கை. உள்ளிருந்து. முதலில் தயக்கமாக. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் இருட்டில் சுவரைத் தடவுவதுபோல்.

தலைவர் என்ஜினைப் பார்த்தார். "உள்ள ஏதோ..."

"இரும்பு. ஆறும்போது தட்டும்."

யாரும் அதை ஓட்டியிருக்கவில்லை. யாரும் அதைச் சொல்லவும் இல்லை. செருப்புகளைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். தட்டல் வேகமானது. இப்போது இரண்டு கை.

"முழிச்சிட்டாங்க," என்றாள் மருமகள். "ஸ்பேனரைக் குடுங்க மாமா. ஒரே ஒரு ஸ்பேனர்."

ஸ்பேனர்கள், அரம், கம்பி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொல்லைக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் பெரியவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். திறந்தால் மகன் வருவான். வந்தால், தூங்கிப்போனதைச் சொல்லிவிடுவான்.

இப்போது தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது: மகன் போன துக்கத்தில் பெரியவர் கொட்டகையே கதியென்று கிடக்கிறார், பொழுதெல்லாம் என்ஜினைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று. அது தவறு. பெரியவர் அங்கே கால் வைப்பதில்லை. கொட்டகையில் இருப்பது மருமகள் ஒருத்திதான். போல்ட்டுகளைத் திருகித் திருகி நகம் போன விரல்களால் என்ஜினைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னம் வைத்துக் கிடக்கிறாள். தட்டுவது அவளும் அல்ல.