முப்பத்தொரு பேருக்கு ஒரு வேம்பு

நண்பகல் சங்கு ஊதியதும் முல்லை நகரில் உடம்பைக் குளிரவைக்கும் குளிர்ச்சட்டை வாங்க வழியில்லாத முப்பத்தொரு பேரும் வேப்பமரத்தடிக்கு வந்து, சூளையில் அடுக்கிய செங்கல்போல நெருக்கியடித்துப் படுத்துக்கொள்வார்கள். வெயிலில் ஐம்பத்து நான்கு டிகிரி. மரத்தடியில் நாற்பத்து மூன்று. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அடிமரத்தை ஒட்டி இடம். அஞ்சுகத்தின் கணவன் சிங்காரம் அங்கேதான் படுப்பான். ஒருநாள் நிழல் தவறினாலும் ஆள் தேறமாட்டான் என்று மருத்துவ எந்திரம் சீட்டே கொடுத்திருந்தது.

அன்று எட்டுக் கைகளோடு வெட்டுவான் வந்து நின்றது. நகரமைப்பு மூளை அனுப்பிய எந்திரம்.

“பசுமை வழித்தடப் பணிக்காக இம்மரம் அகற்றப்படுகிறது. ஈடாக இரண்டாயிரம் கன்றுகள் நடப்படும். நிழல் பன்னிரண்டு ஆண்டுகளில் வழங்கப்படும்.”

“அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரர எங்க படுக்க வெக்கறது? உன் தலமேலயா?” என்றாள் அஞ்சுகம்.

“அவ்விவரம் திட்டத்தில் இல்லை.”

ரம்பம் சுழன்றது. அஞ்சுகம் வீட்டுக்குள் ஓடினாள். மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளி வந்து அடிமரத்தில் அப்பினாள், புடவையைக் கிழித்துச் சுற்றினாள், சூடம் கொளுத்தி, “தாயே!” என்று விழுந்தாள்.

ரம்பம் நின்றது. வழிபாட்டிடத்தைத் தொடக்கூடாது என்பது மனிதர்கள் அதற்கு எழுதிவைத்த விதிகளில் விலக்கே இல்லாத ஒன்று. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

மறுநாள் யாரோ எலுமிச்சை மாலை சாத்தினார்கள். அந்த வாரமே தையற்கடை மாசிலாமணி தர்மகர்த்தா ஆனார். அவரிடம் குளிர்ச்சட்டை இரண்டு இருந்தது. மரத்தைச் சுற்றிச் சுவர் எழுந்தது, கோபுரம் எழுந்தது, அம்மனுக்குப் புழுங்கக்கூடாதென்று கருவறையில் ஏசியும் வந்தது. குடமுழுக்கன்று விடியற்காலையில், கோபுரத்தை மறைக்கிறதென்று கிளைகளையெல்லாம் கழித்துப் போட்டார்கள்.

நண்பகலில், நிழலற்ற தெருவில் அஞ்சுகம் சிங்காரத்தை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். அவன் உதடு வெடித்திருந்தது, பேச்சு நின்றிருந்தது. இரும்புக் கதவை உலுக்கினாள்.

“அண்ணே, உள்ள ஒரு ஓரமா எடம் குடுண்ணே. உன் கால்ல விழறேன்!”

பூட்டிக்கொண்டிருந்த மாசிலாமணி பதறிப்போனார்.

“இன்னாம்மா நீ, கல்வெட்டுல மொத பேரே உன் பேரு, உனக்கே தெரியலன்னா எப்டி? நட சாத்தியாச்சு. நாலு மணிக்கு வா.”

“நாலு மணிக்கு இவரு இருக்கமாட்டாருண்ணே!”

“ஸ்ஸ்... மெதுவா பேசும்மா. அம்மன் தூங்கறா.”